கொடியில் காய்ந்த மூச்சு

எஃப் பிளாக்கில் படுக்கப் போகும்முன் மூச்சைக் கழற்றிக் கொடியில் போடுகிற வழக்கம் வந்தது இன்ஜினியர் வந்துவிட்டுப் போன பிறகுதான். அதற்கு முன்னால் அங்கேயும் எல்லோரும் ஊர் உலகத்தைப் போல மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டுதான் தூங்கினார்கள், சுவரும் அது பாட்டுக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்துக்குப் பூங்காற்று நகர் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆற்றோரக் குடிசைகளை இடித்து, ஜனங்களை லாரியில் ஏற்றி, நகரத்தைத் தாண்டி, சதுப்பைத் தாண்டி, பஸ் திரும்பிப் போகிற இடத்தையும் தாண்டிக் கொண்டுவந்து இறக்கியபோது, எட்டு மாடிக் கட்டடங்கள் ஒன்றின் முகத்தில் ஒன்று மூச்சு விடுகிற தூரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நாலாவது மாடியில் பவுனுக்குக் கிடைத்த வீட்டில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் கையெட்டுகிற தூரத்தில் ஜி பிளாக்கின் முதுகு. வெயில் அந்தச் சந்துக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஐப்பசி பிறந்ததும் படுக்கையறைச் சுவரில் ஒரு மினுமினுப்பு வரும், பிறகு முத்து முத்தாக நீர் கோக்கும், பிறகு அது கோடு கோடாக வழிந்து பாயின் ஓரத்தை நனைக்கும், அதன் பிறகு மூலையிலிருந்து பூசணம் கிளம்பிப் பச்சையாய், சாம்பலாய், கடைசியில் அட்டக்கரியாய், தலையணை உயரம் வரைக்கும் இறங்கி வரும்.

பவுனு கறைக்குப் பயந்தவள் அல்ல. பெரிய ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற சலவைக்கூடம் ஒன்றில் கறை மேஜைதான் அவளுடைய இடம். மிஷினில் போகாத கறையெல்லாம் அவளிடம் வரும். மஞ்சள் கறைக்கு ஒன்று, ரத்தக் கறைக்கு ஒன்று, உதட்டுச் சாயத்துக்கு ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு புட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, எந்தத் துணிக்கு எது எவ்வளவு என்று கண்ணாலேயே அளந்து ஊற்றி, மாலைக்குள் எல்லாவற்றையும் பாலாக வெளுத்து அனுப்பிவிடுவாள். அந்தக் கையால்தான் தினமும் காலையில் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் துணியை முக்கிச் சுவரைத் துடைத்து, பிழிந்து, வாளியைச் சாக்கடையில் கொட்டுவாள். மறுநாள் காலை சுவர் மறுபடி கறுத்திருக்கும். அவள் புருஷன் ஏகாம்பரம் பெயிண்டர். அவனும் தன் பங்குக்கு, ஐந்து வருஷத்தில் ஒன்பது தடவை அந்தச் சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, வர்ணம் அடித்துவிட்டான்.

"ஓதம் ஏறுன செவுத்துல பெயிண்ட் அடிக்கிறதும் ஜொரத்துல கீற கொயந்தைக்குப் பவுடர் போடுறதும் ஒண்ணுதான் மே," என்பான். சொல்லிவிட்டு அடுத்த தடவையும் அடிப்பான்.

ஜுரத்தில் இருந்த குழந்தை அவர்கள் வீட்டிலேயே இருந்தது. செவ்வந்திக்கு ஏழு வயது. கூடத்தில் ஏகாம்பரத்தின் தம்பி குடும்பம் நாலு பேர் படுத்ததால் இவர்கள் மூன்று பேரும் படுக்கையறையில்தான். அதிலும் செவ்வந்திக்குச் சுவரோரம். ஐப்பசியிலிருந்து மாசி வரை அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் விசில் ஊதும். படியேறினால் குழந்தை பாதியில் நிற்கும், சிரித்தால் இருமும், இருமினால் உதடு நீலம் பாரிக்கும். சுவரில் பூசணம் இருக்கிற அறையில் படுக்க வைத்தால் இந்தப் பிள்ளை பிழைக்காது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். பவுனு தலையாட்டிவிட்டு வந்தாள். வேறு அறை இருக்கிறதா என்று டாக்டரம்மாவும் கேட்கவில்லை, இல்லை என்று இவளும் சொல்லவில்லை.

மூன்று மனு போட்ட பிறகு குடியிருப்பு அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் வந்தார். சுவரை விரல் முட்டியால் தட்டினார், தொட்டார், முகர்ந்தார், ஜன்னலைத் திறந்து ஜி பிளாக்கைப் பார்த்துவிட்டு உடனே மூடினார். வாசலில் மாடியே கூடி நின்றது.

"இது லீக்கேஜ் இல்லம்மா," என்றார். "பைப் நல்லா இருக்கு. மழைத்தண்ணியும் உள்ள வரல. இது நீங்கதான்."

"நாங்களா?" என்றாள் பவுனு.

"ஆமா. ஒரு ஆள் தூங்கும்போது விடுற மூச்சுல ராத்திரிக்கு ஒரு டம்ளர் தண்ணி வெளிய வருது. ஏழு பேரு மூச்சு விட்டா ஏழு டம்ளர். எங்க போகும்? சுவத்துலதான் படியும். கட்டடத்துல ஒரு குறையும் இல்ல, நீங்க புழங்குற விதம் சரியில்ல."

எதிர்வீட்டு கஜலட்சுமி, பிளாக்கில் எந்தச் சண்டையானாலும் முதல் குரலும் கடைசிக் குரலும் அவளுடையதுதான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்போ மூச்சு வுடாத தூங்கணும்ன்றியா சார்?"

"அதெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும்," என்று எழுதிக்கொண்டே இறங்கிப் போனார்.

அன்று முழுக்க எஃப் பிளாக்கில் அதுதான் பேச்சு. "ஏய், மூச்சு வுடாத, செவுரு கெட்டுடும்" என்று படிக்கட்டில் ஒருத்தரை ஒருத்தர் சீண்டிச் சிரித்தார்கள். பவுனு மட்டும் சிரிக்கவில்லை. படித்தவர் சொல்கிறார், கறைக்கு மூலம் இதுதான் என்று. மூலம் தெரிந்த பிறகு கறையை விட்டுவைப்பது அவளுக்குப் பழக்கமில்லை. சாயங்காலம் சமையலை முடித்துவிட்டு வெளியே நடையில், துணி காயப்போடும் கொடிக்கு அருகில் நின்று, உள்ளே இருந்த மூச்சையெல்லாம் மெதுவாக, மிச்சம் வைக்காமல், அடி வரைக்கும் விட்டாள். அது திரும்பி உள்ளே போகவில்லை. கையில் ஈரத் துண்டுபோலத் துவண்டு கிடந்தது, வெதுவெதுப்பாக, கொஞ்சம் வெங்காய வாசனையோடு. உதறிக் கொடியில் போட்டாள்.

கஜலட்சுமி தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "கிளிப்பு போடுமே," என்றாள். "காத்துல பூடப்போவுது."

மூச்சில்லாமல் அவள் எப்படித் தூங்கினாள் என்று யாராவது கேட்கலாம். ஏழு பேர் ஒரு வீட்டில் தூங்கிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. காலையில் எழுந்து வந்து மூச்சை எடுத்துப் போட்டுக்கொண்டாள், உள்ளே போய்ச் சுவரைத் தொட்டாள், இன்ஜினியர் கணக்குப்படி சரியாக ஒரு டம்ளர் ஈரம் குறைந்திருந்தது. இரண்டாம் நாள் ஏகாம்பரமும் கழற்றினான், மூன்றாம் நாள் கூடத்து நாலு பேரும் கழற்றினார்கள், ஒரு வாரத்தில் நாலாவது மாடி முழுக்கக் கழற்றியது, தீபாவளிக்குள் எஃப் பிளாக்கில் எட்டு மாடியிலும் பொழுது சாய்ந்தால் கொடி நிறைய மூச்சு தொங்கியது.

வழக்கம் என்று வந்துவிட்டால் சட்டதிட்டமும் வரும். வீட்டுக்கு ஒரு கலர் கிளிப்பு என்று கஜலட்சுமி தீர்மானம் போட்டாள். குடித்துவிட்டு வருபவர்களின் மூச்சு கடைசிக் கொடியில், லுங்கிகளுக்கு அப்பால். பொம்பளைகள் மூச்சுக்கு மேலே யாரும் ஈரத் துணி போடக்கூடாது. இரண்டாவது மாடியில் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிற மாசிலாமணியின் மூச்சு எட்டு முழ வேட்டி நீளத்துக்கு இருந்ததால் அவருக்குத் தனிக் கொடி கட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கொடி அறுந்திருந்த ஒரு நாள் அவர் நாலாவது மாடியில் போட, கஜலட்சுமி அவசரத்தில் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, மத்தியானம் வரை அவள் திட்டிய வசவெல்லாம் கல்யாண ஊர்வல மெட்டில் வந்தது. அவளிடம் திட்டு வாங்குவதற்காகவே அடுத்த பிளாக்கிலிருந்து ஜனம் வந்துபோனது. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இரண்டு மூச்சையும் ஒரே கிளிப்பில் மாட்டி வைத்தது, அதைப் பற்றி நாலு நாள் பேசினார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள், மாப்பிள்ளை வீட்டில் மூச்சுக் காயப்போட இடம் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்படியொன்று நடக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. சுவர்கள் காய்ந்தன, அது போதுமாக இருந்தது.

செவ்வந்தியின் மூச்சைக் கழற்ற மட்டும் பவுனு கடைசிவரை தயங்கினாள். ஒரு நாள் குழந்தை இருமி இருமித் துவண்டு அவள் மடியில் சாய்ந்தபோதுதான், "ஊது கண்ணு, பூரா ஊது" என்றாள். வந்தது ஒரு கைக்குட்டை அளவு. கசங்கி, ஓரம் சுருண்டு, நடுவில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகளோடு. பவுனுக்கு அந்தப் புள்ளிகளை நன்றாகத் தெரியும். ஐந்து வருஷமாகத் தினமும் காலையில் துடைத்த அதே புள்ளிகள்.

அதை ரோஸ் கிளிப்பில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். குழந்தை விசில் இல்லாமல், இருமல் இல்லாமல், நெஞ்சு துள்ளாமல் தூங்கிற்று. ஐந்து வருஷத்தில் பவுனு அப்படியொரு தூக்கத்தைப் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், சந்தோஷத்தில் அழுதாள் என்றே சொல்ல வேண்டும். காலையில் மூச்சை எடுத்து வந்து போட்டதும் விசில் திரும்பிவிட்டது. மறுநாள் பத்து நிமிஷம் தாமதமாகப் போட்டாள், அதற்கு மறுநாள் அரைமணி, பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பத்து மணி வரைக்கும். மூச்சில்லாத செவ்வந்தி கண்ணைத் திறந்துகொண்டு, பேசாமல், விளையாடாமல், நிம்மதியாகக் கிடந்தாள்.

ஒரு காலையில் பவுனு அதைக் கொண்டுவந்தபோது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வலுக்கட்டாயமாகத்தான் போட வேண்டியிருந்தது. போட்டதும் இருமி, கண்ணில் நீர் கட்டி, "இது குத்துது மா," என்றாள் செவ்வந்தி. "எனக்கு வேற குடு."

"வேற இல்ல கண்ணு."

"அப்போ எனக்கு வோணாம்."

ஒரு தாய் இதைக் கேட்டுவிட்டு என்ன செய்வாள்? "இத்தயே தொவச்சித் தரேண்டி," என்றாள் பவுனு. "அம்மா தொவச்சா எப்டி வரும்னு பாரு."

ஏகாம்பரம் வேண்டாம் என்றான். "வெயில்ல போடு மே. புள்ளியெல்லாம் தானா பூடும்."

"எங்க கீது வெயிலு? காட்டுயா, போடுறேன்."

வெயில் மொட்டைமாடியில் இருந்தது. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி குடியிருப்பு அலுவலகத்தில். ஏகாம்பரம் போய்க் கேட்டான். மேலே ஏறி யாராவது விழுந்துவைத்தால் யார் பதில் சொல்வது என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கஜலட்சுமி தன் வீட்டிலிருந்த நல்ல வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். சுற்றி நின்ற பெண்கள், எலுமிச்சம்பழம் போடு, பூந்திக்கொட்டை போடு, சொட்டு நீலம் மறந்துடாதே என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பவுனு எதையும் காதில் வாங்கவில்லை. பருத்திக்கு எவ்வளவு, பட்டுக்கு எவ்வளவு, லினனுக்கு எவ்வளவு என்று அவள் கைக்குத் தெரியும். மூச்சுக்கு எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கறை சுவரின் கறைதானே என்று சுவருக்குப் போடுகிற அளவையே போட்டாள். ஊறவைத்தாள், கசக்கினாள், மூன்று தண்ணீர் அலசினாள். கறை விட்டது. வாளித் தண்ணீர் கறுப்பாகப் போயிற்று, மூச்சு பளீரென்று வெளுத்துக் கையில் கிடந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பவுனும் சிரித்தாள், தன் வேலையின் மேல் அவளுக்கு அவ்வளவு பெருமை.

அந்த மூச்சைப் போட்டுக்கொண்டு செவ்வந்தி நாலு மாடிப் படியையும் ஓடி இறங்கி ஓடி ஏறினாள். இருமல் இல்லை, விசில் இல்லை. வாயைத் திறந்தால் லேசாகப் பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது, அவ்வளவுதான். கார்த்திகைத் தீபத்தன்று நடையெல்லாம் அகல் வைத்து, ஒவ்வொன்றையும் ஊதி அணைத்து மறுபடி ஏற்றச் சொல்லி அடம்பிடித்தாள், பவுனும் ஏற்றிக் கொடுத்தாள். பதினொரு நாள் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை கொடியிலிருந்து எடுக்கும்போது ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. மறுநாள் மடிப்பில் ஒரு கீறல். பவுனு அதை நடையில் எரிந்த பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், பல்பு முழுசாகத் தெரிந்தது. மருந்து அதிகம் போட்டு வெளுத்த மேஜைத்துணி முதல் நாள்தான் எல்லாவற்றையும்விட அழகாக இருக்கும், அதன் பிறகு மடிப்பு மடிப்பாக இற்று விழும் என்பது சலவைக்கூடத்தில் நேற்றுச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்த கைதான் போட்டது.

அன்றிலிருந்து கழற்றவே வேண்டாம் என்று வைத்துப் பார்த்தார்கள், உள்ளேயே இருந்தாலும் இற்றது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, சத்தமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். எஃப் பிளாக் மட்டும் உண்மையைப் பார்த்தது. ஒட்டுப் போட ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள். மாசிலாமணி ஒரு சாண் அளந்து கத்தரித்துக் கொடுத்தார், அதற்கப்புறம் அவர் டிரம்பெட்டில் மேல் சுரம் எட்டவேயில்லை. கஜலட்சுமி நல்ல இடமாகப் பார்த்து நடுவிலிருந்தே கிழித்தாள். கடைசிக் கொடிக்காரன் ஒருவன் மூன்று நாள் குடிக்காமல் இருந்து, வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொண்டுவந்து நீட்டினான். பவுனு உட்கார்ந்து தைத்தாள். ஒரு மாலை முழுக்க ஒட்டு நின்றது. செவ்வந்தி கஜலட்சுமியின் சிரிப்பைச் சிரித்தாள், எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். பெரியவர்களின் மூச்சு கெட்டி நெசவு. அது இழுக்க இழுக்க, விடிவதற்குள் குழந்தையின் மூச்சு தையலோரம் பிரிந்துபோயிற்று.

கடைசியில் குழந்தையே மூச்சை வெளியே போடச் சொன்னாள். போட்டுக்கொண்டிருக்கக் கூசுகிறது என்றாள். மார்கழி மூன்றாம் நாள் காலை பவுனு கொடியில் கை வைத்தபோது ரோஸ் கிளிப்பு மூடியபடியே இருந்தது. அதன் பிடியில் ஒன்றுமில்லை. பவுனு கொடியின் கீழே குனிந்து தேடினாள், நடை முழுக்கத் தேடினாள், நாலு மாடி இறங்கிப் போய்த் தரையில் தேடினாள். பனி பெய்திருந்தது. மேலே செவ்வந்தி கண்ணைத் திறந்துகொண்டு நிம்மதியாகக் கிடந்தாள்.

தையில் இன்ஜினியர் மறுபடி வந்தார். பழைய மனுவுக்கு முடிவு எழுத வேண்டியிருந்தது. சுவரில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? சொன்னேன்ல. சுத்தமா காஞ்சிடுச்சி. இப்ப இந்த ரூம்ல எத்தனை பேர் படுக்கிறீங்க?"

"ரெண்டு," என்றாள் பவுனு.

"நல்லது," என்று சொல்லி, குறை தீர்ந்தது என்கிற இடத்தில் கையெழுத்துக் கேட்டார். பவுனு கையெழுத்துப் போட்டாள்.

அவர் போன பிறகு அவர் சொன்னதுதான் அவளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. சுவரில் படிந்ததெல்லாம் மூச்சு. அப்படியானால் ஐந்து வருஷம் அவள் தினமும் காலையில் துடைத்தது, பிழிந்தது, வாளி வாளியாகச் சாக்கடையில் கொட்டியது எது? தலையணை உயரத்தில், குழந்தையின் வாய்க்கு நேரே, அடுத்த நாளும் அடுத்த நாளும் பிடிவாதமாகத் திரும்பி வந்த அந்தக் கறுப்பு யாருடையது? பவுனு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு கத்தின கத்தலில் ஜி பிளாக்கில் விளக்குப் போட்டுக்கொண்டு ஜனம் எட்டிப் பார்த்தது.

ஏகாம்பரம் பட்டித் தகட்டை எடுத்தான். அந்தக் கறுப்பு எங்காவது மிச்சமிருக்குமா என்று தலையணை உயரத்தில் சுரண்ட ஆரம்பித்தான். வெளிர்பச்சை, அதற்கடியில் க்ரீம், அதற்கடியில் செவ்வந்தி கேட்டாள் என்று அடித்த ரோஸ், அதற்கடியில் நீலம் என்று ஐந்து வருஷத்து ஒன்பது பூச்சையும் உரித்துப் பார்த்தான். ஒவ்வொரு பூச்சுக்கும் அடியில் சுவர் சுத்தமாக இருந்தது. வர்ணம் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் பவுனு துடைத்துக் கொடுத்திருந்தாள். அவன் தேய்த்திருந்தான். இருவரும் நல்ல வேலைக்காரர்கள்.

அப்புறம்தான் எஃப் பிளாக் அந்த அறைக்குள் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. சுவர் பழையபடி வேர்த்தால் குழந்தையின் கறுப்பும் திரும்பி வராதா என்றுதான். கஜலட்சுமி ஜன்னலைச் சாத்தி இடுக்கில் பழந்துணி அடைத்தாள், யாரோ அடுப்பை உள்ளே தூக்கி வந்து அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள், மாசிலாமணி சுவரோரம் உட்கார்ந்து, மிச்சமிருந்த நெஞ்சைக் கூட்டி ஊதினார். கொடியிலிருந்து மூச்சையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு, இடுக்கி இடுக்கி உட்கார்ந்து, நாற்பது பேர், முறை வைத்து, தை முடிந்து மாசி முழுக்க, பேசாமல், அந்தச் சுவரைப் பார்த்து மூச்சு விட்டார்கள். சுவர் மினுமினுத்தது, முத்து முத்தாகக் கோத்தது, வழிந்தது. மூலையில் முதல் பச்சை தெரிந்தபோது, கும்பிடாத குறையாக எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பூசணம் அந்த வருஷம் பூத்ததுபோல என்றும் பூத்ததில்லை. கூரை வரை ஏறியது, கதவுக்குப் பின்னால் போனது, கூடத்துக்கும் போனது. பவுனு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "இது கஜாக்கா," என்றாள். "இது மாசிலாமணி அண்ணன். இது அந்தக் குடிகாரப் பாவி." கறையைப் பார்த்து ஆளைச் சொல்வது அவளுக்குப் பெரிய விஷயமில்லை. மெதுவாகக் கீழே இறங்கி இறங்கித் தலையணை உயரத்துக்கு வந்து நின்றாள்.

எஃப் பிளாக்கில் இப்போது யாரும் மூச்சைக் கழற்றுவதில்லை. கொடிகளில் கிளிப்புகள் மட்டும் இருக்கின்றன. பவுனு தினமும் காலையில் எழுந்ததும் சுவரோரம் போய்ப் படுத்து, அந்த இடத்துக்கு நேரே வாயை வைத்து, வேலைக்கு நேரமாகிறது என்று ஏகாம்பரம் வந்து கூப்பிடுகிற வரைக்கும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் சுவர் கறுத்துக் கிடக்கிறது. நடுவில் ஒரு கைக்குட்டை அளவுக்கு மட்டும் ஒரு புள்ளிகூட விழாமல் பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. அவள் அவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தாள்.